செபமாலையின் கறுப்புப் பொத்தான்

கார் நிற்பதற்கு முன்பே ஒப்பாரி இறங்கிவிட்டது.

உடுவிலில் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் காலையில் கேட்கும் பெரிய சத்தம் மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன்தான். அன்றைக்கோ ஒரு பழைய ஏ-ஃபோர்ட்டி கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசற் படலையில் இடிக்கிற மாதிரி நின்றது. கதவுகள் திறந்தன. தலைமயிரை விரித்துப் போட்டபடி பெண்கள் குதித்து இறங்கினார்கள். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலாவதியின் கையிலிருந்து பாதித் தேங்காய் நழுவி அடுப்படிவரை உருண்டது.

“என்ரை அண்ணை... என்னை ஒருக்காவும் பாராமல் போட்டியே...”

கமலாவதிக்குக் குரல் பிடிபட்டது. பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்ட இரத்தினம்மா. கமலாவதியின் கணவர் சோமசேகரத்தின் ஒரே தங்கை. இந்தப் படலைக்குள் அவள் கால் வைத்து ஆறு வருடமாகிறது.

கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்த கமலாவதியை நான்கு பெண்கள் ஒரேயடியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தோளில் தலை சாய்த்து ஓவென்று அழுதார்கள். ஒருத்தி கட்டிப் பிடித்து அழும்போது மற்றவளும் அழத்தான் வேண்டும், “ஆர் செத்தது?” என்று நடுவிலே கேட்பது மரியாதையில்லை. ஆகவே கமலாவதியும் அழுதாள். அழுதுகொண்டே மனதுக்குள் ஆளைத் தேடினாள். தன்னுடைய தமையனாக இருக்காது. போன கிழமைதான் திருகோணமலையிலிருந்து வந்து கத்தரிக்காய்க் குழம்பு நன்றாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் கனடாவிலிருக்கும் கணவரின் தம்பி தியாகலிங்கமாகத்தான் இருக்கவேண்டும். பாவம், அவன் பனியில் கார் ஓட்டப் பழகுவதாக எழுதியிருந்தான்.

“அந்தக் குளிருக்கை தனியக் கிடந்தியே, ராசா” என்று அவளும் ஒரு வரி எடுத்துக் கொடுத்தாள்.

பருத்தித்துறைப் பெண்கள் ஒரு கணம் தடுமாறினாலும், ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருந்தார்கள் போலும் என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டு அந்த வரியையும் சேர்த்து அழுதார்கள்.

இதற்குள் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் தாழப் பறந்து வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தார்கள். அது தெற்கே போய் மறைந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இப்போது இரத்தினம்மாவின் ஒப்பாரி குற்றச்சாட்டாக மாறியது. செத்தவீடு சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லையா, பருத்தித்துறைக்கு பஸ் ஓடவில்லையா, பகை என்றால் பிணத்தின் முகத்தைக்கூடக் காட்டக்கூடாதா, கூடப் பிறந்தவள் ரீவியில் பார்த்தா அறியவேண்டும் என்று ராகத்தோடு கேட்டுக்கொண்டே போனாள். கமலாவதிக்கு அழுகை நின்றுவிட்டது. தியாகலிங்கம் எப்போது ரீவியில் வந்தான்?

அந்த நேரத்தில் விறாந்தைக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் அன்றைய பேப்பர். ஓய்வுபெற்ற தபாலதிபர் சோமசேகரம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் முற்றத்தைப் பார்த்தார்.

“ஆர் மோசம் போனது?” என்று கேட்டார்.

பருத்தித்துறைப் பெண்களில் ஒருத்தி குரோட்டன் பூச்சாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி அவசர அவசரமாக அவிழ்த்த கொண்டையை முடிந்துகொண்டாள். கமலாவதி தன் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் எல்லோரும் தன்னைக் கட்டிப் பிடித்து அழுத காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

இரத்தினம்மா மட்டும் கத்தவில்லை, மயங்கவில்லை. அண்ணனை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தாள்.

“நீதான்” என்றாள்.

•

ஆறு வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பாரி விளங்காது.

இரத்தினம்மாவின் மூத்த மகள் பத்மாசினி பெரியபிள்ளையான சாமத்தியவீடு. பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க முதல் தேங்காய் உடைக்கவேண்டியவர் தாய்மாமன். சோமசேகரம் நல்ல முற்றின தேங்காயாகப் பார்த்து, மஞ்சள் பூசி, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் வல்லைவெளியில் பழுதாகி நின்றது. அந்த வெட்டவெளியில், வேட்டியைக் காற்று பிடுங்க, தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை குளித்து முடித்து, பட்டுச்சேலையும் கட்டிவிட்டாள். தேங்காயை இரத்தினம்மாவின் புருசன் ஆழ்வாப்பிள்ளையின் தமையன் உடைத்திருந்தார்.

நல்ல நேரம் போய்விடும் என்று ஐயர் அவசரப்படுத்தினார் என்பது இரத்தினம்மாவின் கட்சி. மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் உடைத்தால் மாமன் செத்துவிட்டான் என்றுதானே அர்த்தம் என்பது சோமசேகரத்தின் கட்சி. படலையடியிலேயே திரும்பியவர், அந்தத் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டுவிட்டார். அது முளைத்தது. தென்னை வளர வளரப் பகையும் வளர்ந்தது. இந்த வருடம் அது முதற்பாளை தள்ளியிருந்தது.

இப்போது அதே பத்மாசினிக்குக் கலியாணம். இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து தாய்மாமனுக்குச் சொல்லாமல் பந்தற்கால் நடக்கூடாது. ஆனால் இரத்தினம்மா வரவில்லை. வந்து சொன்னாலும் போகமாட்டேன் என்று சோமசேகரம் யாரும் கேட்காமலே ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு எழுந்து படலைவரை போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். இந்த முறையும் அழைப்பு வராவிட்டால் அண்ணன் தங்கை உறவு அதோடு சரி என்பது கமலாவதிக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் முதலில் போவது யார்? செத்தவீடென்றால் பகையாளியும் சொல்லாமலே வரலாம். கலியாணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரீவியில் பார்த்தேன் என்றாளே, அதற்குக் காரணமானவன் செபமாலை.

சுன்னாகச் சந்தைக்குப் பக்கத்தில் வீடியோக் கடை வைத்திருக்கும் செபமாலையிடம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த கமரா ஒன்று இருந்தது. அதன் விலாவில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் படம் மெல்ல மெல்ல இருண்டு கறுப்பாகும். விட்டால் கறுப்புக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வரும். முதன்முதல் ஒரு கலியாணக் கசெற்றின் தொடக்கத்தில், காலமான பெண்வீட்டுத் தகப்பனின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கதிரையில் சாத்தி வைத்து, இருட்டிலிருந்து வரவழைத்து இருட்டுக்குள் அனுப்பினான். பார்த்த சனம் கலங்கிப்போனது. அன்றிலிருந்து கறுப்புப் பொத்தான் இல்லாத கசெற்றை ஒருவரும் வாங்குவதில்லை.

ஒருமுறை உற்சாகத்தில் உயிரோடு இருந்த ஒரு தலைமை ஆசிரியரின் படத்தையும் அப்படி மறையவிட்டான். அடுத்தநாள் பழைய மாணவர் மலர்வளையத்தோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் அவரேதான். அதற்குப் பிறகு செபமாலை ஒரு சட்டம் வைத்துக்கொண்டான்: இருக்கிறவர் நடக்கவேண்டும், போனவர் மங்கவேண்டும். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் இது இப்போது எல்லோருக்கும் தெரிந்த பாசை. படம் மங்கினால் ஆள் காலி.

குடும்பத்தை ஒரு கசெற்றில் பார்க்கவேண்டும் என்று கனடாத் தியாகலிங்கம் கேட்டதால் செபமாலை உடுவிலுக்கும் பருத்தித்துறைக்கும் போய்ப் படம் எடுத்தான். கமலாவதி கோழிக்குத் தீன் போட்டாள். இரத்தினம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு கடற்கரை வீதியில் நடந்தாள். காலஞ்சென்ற தகப்பனும் தாயும் இருட்டிலிருந்து வந்து இருட்டுக்குள் போனார்கள். கசெற் ஒன்று கனடாவுக்குப் போனது. இன்னொன்று பருத்தித்துறைக்கு.

பருத்தித்துறைக் கசெற்றில்தான், தாயின் படத்துக்குப் பின்னால், சோமசேகரமும் இருட்டுக்குள் போயிருந்தார்.

•

ஆள் அனுப்பிச் செபமாலையை வரவழைத்தார்கள். சைக்கிள் கரியரில் வீடியோ டெக்கையும் கட்டிக்கொண்டு வந்தவனை இரத்தினம்மா படலையிலேயே பிடித்துக்கொண்டாள். உயிரோடு குத்துக்கல் மாதிரி இருக்கிற மனுசனைக் கொல்ல அவனுக்கு என்ன உரிமை என்றும், தான் வழிநெடுக அழுத அழுகைக்கு ஆர் பொறுப்பு என்றும், கூட வந்த பெண்கள் தங்கள் வீட்டு உலையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள் என்றும் கேட்டாள். உலை விசயத்தில் அந்தப் பெண்கள் தாங்களும் குரல் கொடுத்தார்கள்.

சோமசேகரம் அதற்குமேல் போனார். தபால் கந்தோரில் பியோனைக் கண்டித்த பழைய குரல் திரும்பி வந்திருந்தது. பொறுப்பு என்றால் என்ன, கவனம் என்றால் என்ன, ஒரு கடிதத்தை வேறு வீட்டில் போட்டாலே பாவம், ஒரு ஆளை வேறு உலகத்தில் போடலாமா என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

செபமாலை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “பிழைதான் ஐயா” என்று மட்டும் சொன்னான். மறுபடி ஏசினபோது மறுபடியும் அதையே சொன்னான்.

கமலாவதிக்கு அவனைப் பார்க்கப் பாவமாயிருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து அவளை வேறு சில விசயங்களும் உறுத்திக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருக்கால் சவரம் செய்கிற மனுசன் புதன்கிழமை விடியவே சவரம் செய்திருந்தார். நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் கலியாணவீட்டு அளவில் ஒரு விளைமீன் வாங்கி வந்தார். ஆருக்கு என்று கேட்டதற்கு, ஆரும் வந்தால் என்றார். முந்தாநாள் ஒழுங்கையைக்கூடத் தானே கூட்டினார்.

குரோட்டன் சாடியில் உட்கார்ந்த பெண், தான் அழுதது எந்தப் படத்துக்கு என்று இன்னொருக்கால் பார்த்தே தீரவேண்டும் என்று நின்றாள். நல்லவேளையாக அன்றைக்குக் கரண்ட் இருந்தது. செபமாலை டெக்கை ரீவியோடு பொருத்தினான். இரத்தினம்மா தன் கைப்பையிலிருந்து கசெற்றை இழுத்தெடுத்தாள். அதோடு மஞ்சள் பூசிய ஒரு கடித உறையின் மூலையும் வெளியே வந்தது. அதை அவள் சட்டென்று பைக்குள் தள்ளிவிட்டாள். கமலாவதி அதைக் கண்டாள். யோசிக்க நேரமிருக்கவில்லை, படம் தொடங்கிவிட்டது.

கறுப்பு. அதற்குள்ளிருந்து தலைப்பாகையோடு தகப்பன் வந்தார். நாதஸ்வரம் இழுத்தது. போனார். தாய் வந்தா, கழுத்து நிறைய நகையோடு, கமராக்காரனில் நம்பிக்கை இல்லாத பார்வையோடு. போனா.

பிறகு கறுப்புக்குள்ளிருந்து ஒரு மரச்சட்டமும், சட்டத்துக்குள் சோமசேகரமும் வந்தார்கள். நீலச் சேட்டு, நேரான பார்வை. ரீவிக்குக் கீழே கதிரையில் உயிரோடு உட்கார்ந்திருந்தவரும் நீலச் சேட்டுக்காரரை ஆவலோடு அண்ணாந்து பார்த்தார். கமலாவதி படத்தையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முகம் மெல்ல மங்கத் தொடங்கியது. அவ்வளவுதான், இரத்தினம்மா விருட்டென்று எழுந்து ரீவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். மிச்சத்தை ஒருவராலும் பார்க்க முடியவில்லை. கமலாவதிக்குத் தெரிந்ததெல்லாம் மச்சாளின் முதுகுதான்.

“போதும். இருக்கிற ஆளை இன்னொருக்காச் சாகக் குடுக்கேலாது. நிப்பாட்டும் தம்பி.”

செபமாலை நிறுத்தினான்.

•

மீன் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். உலை வைக்கவேண்டியதுதான். குரோட்டன் சாடிப் பெண் மீன் வெட்டினாள். மற்றவர்கள் வெங்காயம் உரித்தார்கள். காலையில் நிறுத்திய கண்ணீரை அதில் விட்டார்கள். காருக்குள்ளேயே இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளையை வற்புறுத்தி இறக்கினார்கள். மைத்துனர் உயிரோடு இருப்பதைக் கண்டு அவர் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மரநிழலில் காரை விடச்சொல்லி டிரைவரிடம் முன்னமே சொல்லிவைத்திருந்தார்.

செபமாலைக்குக் குசினிக்குப் பின்னால் பலகை போட்டுச் சோறு கொடுத்தாள் கமலாவதி. ஒரு துண்டு மீனுக்குப் பதிலாக இரண்டு துண்டு வைத்தாள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கேட்டாள்.

“தம்பி, அந்த நீலச் சேட்டு போன மாசம் நான் தைப்பிச்சது. அதோடை அவர் ஒரு படமும் எடுக்கேல்லை. உமக்கு அந்தப் படம் எங்காலை வந்தது?”

செபமாலை மென்றதை விழுங்க நெடுநேரம் எடுத்தான். வெளியே சோமசேகரம் இன்னும் பொறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மீன் ருசியாயிருந்தது. வாங்கின ஏச்சும் போதுமான அளவுக்கு இருந்தது. அவன் சொல்லிவிட்டான்.

ஐயாவேதான் கேட்டாராம். பருத்தித்துறைக்குப் போகும் கசெற்றில் மட்டும் தன்னை மங்கவிடச் சொன்னாராம். முதலில் அல்பத்திலிருந்து மீசை வைத்திருந்த காலத்துப் படமொன்றைக் கொடுத்தார். பிறகு, அந்த மீசைக்காரனைக் கண்டால் தங்கை பழைய படமென்று பேசாமல் இருந்துவிடுவாள், இப்போதைய முகம் மங்கினால்தான் ஓடிவருவாள் என்று அவரே யோசித்துச் சொன்னார். இப்போதைய படம் எதுவும் இல்லை. ஆகவே கமலாவதி சந்தைக்குப் போயிருந்த நேரம் சுவரிலிருந்த வெறும் மரச்சட்டத்தைக் கழுத்துக்கு முன்னால் தானே பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, படம் மாதிரி இருந்தாராம். இரண்டு மூன்று தரம் எடுக்கவேண்டி வந்ததாம். கற்சிலையை எடுப்பது இதைவிடச் சுகம் என்று செபமாலை குறைப்பட்டான்.

“மாலை ஒண்டு போடுவமோ எண்டு கேட்டன். அது அபசகுனம், வேண்டாம் எண்டிட்டார்.”

கனடாவுக்குப் போன கசெற்றில் ஐயா கிணற்றடித் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடக்கிறாராம். அதில் ஒரு பிழையும் இல்லையாம். பழி வந்தால் வாயே திறக்கக்கூடாது, தானே முன்னுக்கு நின்று ஏசித் தீர்த்துவிடுவேன் என்று ஐயா வாக்குக் கொடுத்திருந்தாராம். வாக்கைக் காப்பாற்றினார் என்பதை மறுக்க முடியாது.

“பருத்தித்துறை அம்மாவும்,” என்று செபமாலை இன்னொன்றையும் சேர்த்தான், “நான் படமெடுக்கப் போனநேரம், அண்ணை மெலிஞ்சு போனாரோ எண்டு மூண்டு நாலு தரம் கேட்டவ. நான் ஐயாட்டைச் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் ஐயாவுக்கு இந்த யோசினை வந்தது.”

கமலாவதிக்குச் சிரிப்பதா, அகப்பைக்காம்பால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. காலையில் நாலு பேர் தன்னைக் கட்டிப் பிடித்துத் தாலிக்காக அழுததை நினைத்தாள். தேத்தண்ணீர்ப் பேணியோடு விறாந்தைக்குப் போனாள். சோமசேகரம் தனியே கதிரையில் வெற்றிக்களையோடு இருந்தார். அவள் குனிந்து, பேணியைக் கொடுக்கிற சாட்டில், காதோடு சொன்னாள்.

“செத்துப் பிழைச்சது நல்ல வடிவுதான். தாய்மாமன் செத்தால் கலியாணத்தை ஒரு வருசம் தள்ளிப் போடுவினமே, அதை யோசிச்சனீங்களோ?”

சோமசேகரம் பேணியை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார்.

அவர் யோசிக்கவில்லை. தங்கை அழுதுகொண்டு ஓடிவருவாள் என்பதுவரை யோசித்திருந்தார். அவள் ஓடிவருவதற்கு முன் பந்தல்காரனுக்கும் மேளகாரருக்கும் ஆள் அனுப்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருவாள் என்பதுவரை யோசனை போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று கையை விரித்தால்? முதல் தடவை பஸ் பழுதானதில் பிள்ளையின் தேங்காய் போனது. இந்தத் தடவை மாமன் செத்ததில் கலியாணமே போய்விடும். நெற்றித் திருநீற்றுக்கு மேலே வியர்வை அரும்பியது.

உடனே தங்கையைக் கேட்கவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? அந்தக் கலியாணத்துக்கு அவருக்கு அழைப்பில்லையே. அழைப்பில்லாத கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பதென்றால் ஆறு வருடப் பிடிவாதத்தை இந்த விறாந்தையிலேயே இறக்கிவைக்கவேண்டும். சோமசேகரம் எழுந்தார். இருந்தார். மறுபடி எழுந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

இரத்தினம்மா சாப்பிட்டு முடித்து, முற்றத்து மாமர நிழலில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை... பத்மாசினியின்ரை காரியம்... நிப்பாட்டிப் போட்டியோ?”

வீட்டுக்குள்ளே பாத்திரங்களின் சத்தம்கூட நின்றுவிட்டது. இரத்தினம்மா வெற்றிலையை மடித்து, வாயில் வைத்து, அவசரமில்லாமல் மென்றாள். அண்ணன் ஒற்றைக் காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறுவதை இரசித்துப் பார்த்தாள் என்றுதான் கமலாவதிக்குப் பட்டது.

“இல்லை” என்றாள் கடைசியில். “தாய்மாமன் வராத கலியாணத்தை எப்பிடி நடத்திறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

சோமசேகரம் பக்கத்திலிருந்த உரலில் பொத்தென்று உட்கார்ந்தார். வருவேன் என்றும், ஆர் வரமாட்டேன் என்று சொன்னது என்றும், பிள்ளை பிறந்தநேரம் முதலில் தூக்கினது தானல்லவா என்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பேசினார். நடுவிலே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரத்தினம்மா எழுந்து கைகழுவினாள். கைப்பையிலிருந்து மஞ்சள் பூசிய உறையை எடுத்தாள். கூடவே வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் பயத்தம் பணியாரம். புருசனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அண்ணனையும் மச்சாளையும் கிழக்குப் பார்க்க இருத்தி, முறைப்படி கலியாணம் சொன்னாள். முறை தெரிந்த பெண்களும் கூட இருந்ததால் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

செத்தவீட்டுக்கு வருகிறவள் பையில் கலியாண அழைப்பிதழும் பயத்தம் பணியாரமும் எதற்கு என்று கமலாவதிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டாள். நேற்று ஊருக்குள் கலியாணம் சொல்லப் போனபோது வைத்த பை, இறக்கிவைக்க நேரம் எங்கே இருந்தது என்று இரத்தினம்மா சொல்லிவிட்டு, பணியாரம் ஒன்றை எடுத்து அவளுடைய வாயிலேயே வைத்துவிட்டாள். வாய் நிறைந்திருந்ததால் கமலாவதியால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியவில்லை.

புறப்படுகிற நேரம். கால்முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன இரத்தினம்மா அந்தத் தென்னையைக் கண்டாள். முன்பு இங்கே தென்னை இருக்கவில்லையே என்றாள். சோமசேகரம் வாழைக்குப் போகும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எந்தத் தேங்காய் என்பதைக் கமலாவதிதான் சொன்னாள்.

இரத்தினம்மா கிட்டப் போய் அண்ணாந்து பாளையைப் பார்த்தாள். காலையில் அத்தனை பெரிய ஒப்பாரியில் நனையாத கண் இப்போது நனைந்திருந்தது.

“அந்தப் பாளை மணவறைக்கு வேணும்” என்றாள். “வேறை ஆரிட்டையும் குடுத்து விடாதை. நீயே கொண்டுவா. பஸ்ஸிலை வராதை, கார் அனுப்புவன்.”

காருக்குள் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். வரும்போது இருந்ததைவிட இடம் நெருக்கம். மடியில் ஆளுக்கொரு வாழைப்பழச் சீப்பு. செபமாலை டெக்கைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தான். இரத்தினம்மா அவனை அழைத்து, கலியாணத்துக்குப் படமெடுக்க அவன்தான் வரவேண்டும் என்றாள். காலையில் வாங்கின ஏச்செல்லாம் அவன் முகத்திலிருந்து மறைந்தது. பொத்தான் இல்லாமலே.

சோமசேகரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னுடைய தந்திரத்தை நினைத்து உள்ளுக்குள் பொங்கிய சிரிப்பை மறைக்க, கடைசியாகச் செபமாலையை இன்னொருக்கால் முறைத்தார். இப்படி ஒரு பிழையை இனி விடக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கார் உறுமியது. கண்ணாடிக்கு மேலால் தலையை நீட்டிய இரத்தினம்மா, கிட்ட வா என்று அண்ணனுக்குச் சைகை காட்டினாள். அவர் குனிந்தார். பக்கத்தில் நின்ற கமலாவதியின் காதிலும் அது விழுந்தது.

“அடுத்தமுறை படத்துக்கை சாகிறநேரம் கண்ணை இமைக்காதை, அண்ணை.”